தலைப்பெருநாளும் கடைத்தெருவும்

ரமளானின் பிற்பகுதியில், தராவீஹ் முடிந்த பின், மதுரை விளக்குத்தூண் பகுதியிலோ, திருச்சி பெரிய கடைவீதியிலோ, கொழும்புப் புறக்கோட்டையிலோ நெரிசலுக்கிடையே புதுமணத் தம்பதியரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். மருதாணி மங்காத கையுடன் பெண். துணிப்பைகளைச் சுமந்தபடி மாப்பிள்ளை. யாருக்கு என்ன எடுப்பது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு பின்னால் வரும் பெண்ணின் தாயார். பெருநாளன்று எந்த வீட்டில் பசியாறுவது, எந்த வீட்டில் பகலுணவு, பெரிய மாமி வீட்டுக்கு எப்போது போவது என்பதெல்லாம் அந்தக் கடைவாசலிலேயே முடிவாகிவிடும்.

முதற்பிள்ளையைத் தலைச்சன் என்று சொல்லும் தமிழ், மணமான பின் வரும் முதற் பெருநாளையும் தலைப்பெருநாள் என்றே அழைக்கிறது. சொல் நம் மண்ணுக்குரியது. அதனோடு இன்று ஒட்டியிருக்கும் செலவும் சீரும் எங்கிருந்து வந்தன என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

ரமளான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் கடமையாயிற்று. நோன்பை நிறைவு செய்யும் பெருநாள் ஷவ்வால் மாதத்தின் முதல் நாள். அந்த ஷவ்வாலைத்தான் இஸ்லாத்துக்கு முந்தைய அரபியர் திருமணத்துக்கு ஆகாத மாதமென்று ஒதுக்கி வைத்திருந்தனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, தம் திருமணம் ஷவ்வாலில் நடந்ததையும், தாம் நபிகளாரின் இல்லம் புகுந்ததும் ஷவ்வாலிலேயே என்பதையும் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். தம் உறவுப் பெண்கள் அம்மாதத்தில் மணவாழ்வு தொடங்குவதையே விரும்பினார்கள். பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து நிக்காஹ் தேதி குறிக்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் இன்னும் இருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

பெருநாளுக்குப் புத்தாடை வாங்கும் பேச்சும் மதீனாவில் எழுந்ததுதான். கடைத்தெருவில் விற்பனைக்கு வந்த பட்டு மேலங்கி ஒன்றை உமர் (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் கொண்டுவந்து, பெருநாளுக்கும் தூதுக்குழுவினரைச் சந்திக்கும்போதும் அணிந்துகொள்ள இதை வாங்குங்கள் என்ற பொருளில் கேட்டுக்கொண்டார்கள். அண்ணலார் (ஸல்) ஏற்கவில்லை. மறுப்புக்குக் காரணம் அது பட்டு என்பதே. பெருநாளுக்காக அழகுபடுத்திக்கொள்ளும் எண்ணத்தை அவர்கள் கண்டிக்கவில்லை என்று அறிஞர்கள் விளக்குவர். செய்தி அத்துடன் நிற்கவில்லை. பின்னொரு நாள் அதே போன்ற அங்கியொன்று அண்ணலாரிடமிருந்து உமருக்கு வந்து சேர்ந்தது. வேண்டாமென்று சொன்னதையே எனக்கு அனுப்பினீர்களே என்று அவர் வியந்தபோது, விற்று உன் தேவையை நிறைவேற்றிக்கொள் என்ற கருத்தில் மறுமொழி கிடைத்தது. ஆடை இல்லாதவருக்கும் அந்தப் பெருநாளில் வழி இருந்தது. பெண்கள் அனைவரும் தொழுகைத் திடலுக்கு வரவேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, போர்த்திக்கொள்ள மேலாடை இல்லாதவள் என்ன செய்வாள் என்று கேட்கப்பட்டது. அவளுடைய தோழி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துதவட்டும் என்பதே விடையாக இருந்தது.

உறவினர் வருகைக்கும் அங்கே ஒரு காட்சி உண்டு. பெருநாளன்று அபூபக்ர் (ரலி) அவர்கள் மகள் ஆயிஷாவின் வீட்டுக்குள் நுழைகிறார்கள். இரு சிறுமியர் புஆஸ் போரைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டிருக்கின்றனர். மருமகனாகிய அண்ணலார் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறார்கள். தந்தை அதட்டுகிறார். ஒவ்வொரு சமுதாயத்துக்கும் பெருநாள் உண்டு, இது நம் பெருநாள், விட்டுவிடுங்கள் என்று மருமகன் தடுக்கிறார். தந்தையின் கவனம் வேறுபக்கம் திரும்பியதும் மகள் சாடை காட்ட, சிறுமியர் நழுவிவிடுகின்றனர். பெருநாள் வீட்டில் நமக்குப் பழகிய காட்சிதான் இது. பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, அண்ணலார் தம் துணைவியாரைப் பின்னால் நிற்க வைத்து மறைத்துக்கொண்டு, அவருக்கே சலிக்கும்வரை பார்க்கவிட்டதும் பதிவாகியிருக்கிறது. தந்தை மகள் வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார் என்ற செய்தி எங்கும் இல்லை.

இனி நம் கரைக்கு வருவோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும், கடல் கடந்து இலங்கையின் கிழக்கே காத்தான்குடி போன்ற ஊர்களிலும் மணமான பின் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். மகளுக்கு வீடு கொடுப்பது அங்கே தந்தையின் கடமையாகவே கருதப்பட்டது. ஆகவே அவ்வூர்களில் தலைப்பெருநாளில் புது வீட்டில் இருப்பவர் மருமகனே. தொழுகை முடித்துத் தன் உம்மா வீட்டுக்குச் சென்று ஸலாம் சொல்லி வருபவரும் அவரே. மருமகள் புகுந்த வீடு செல்லும் பிற ஊர்களிலோ இந்தத் திசை தலைகீழாகும். அங்கே பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைக்க வேண்டும். அழைப்பு வரவில்லையென்றால் பேச்சு வரும்.

இவ்வளவும் மாப்பிள்ளை ஊரில் இருந்தால்தான். நம் கரையோர ஊர்களின் ஆண்கள் பல தலைமுறைகளாக வணிகத்துக்காகக் கடல் தாண்டியவர்கள். தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் 1914 முதல் 1964 புயல்வரை ஓடியது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக மக்களை ஏற்றிச் சென்றது. மணமுடித்த சில மாதங்களில் கப்பலேறியவர் தம் தலைப்பெருநாளைப் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளியிலோ, சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளியிலோ தொழுதிருப்பார். பெண் தாய்வீட்டில் தொழுதிருப்பாள். கப்பல் பெட்டியில் வந்த கைலியும் சீட்டித் துணியும் அத்தரும்தான் அத்தகைய வீடுகளுக்குக் கடைத்தெரு. 1970களில் வளைகுடாப் பயணம் பெருகியபோது பெட்டியின் வடிவம் மாறியது; பெருநாளைப் பிரிந்து கழிப்பது மாறவில்லை. இன்று விடுப்பு கிடைத்து வந்தவர் கடைவீதியில் மனைவியோடு நடந்தால் அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நாம் கவலைப்படுவது அந்தத் துணிப்பைகளின் விலையை யார் கொடுக்கிறார் என்பதைப் பற்றியே. மார்க்கம் விதித்த மஹர் மணமகன் தரவேண்டியது. தம் கவசத்தை மஹராகக் கொடுத்தே அலீ (ரலி) அவர்கள் ஃபாத்திமா (ரலி) அவர்களை மணந்தார்கள். நம்மிடையே அது ஒரு சிறு தொகையாய்ச் சுருங்கிவிட, எதிர்த்திசையில் ஓடும் பொருளுக்கு ஊருக்கொரு பெயர் முளைத்தது. நோன்புக்கு ஒரு சீர், பெருநாளுக்கு மாப்பிள்ளைக்கும் அவர் வீட்டார்க்கும் உடை, சில ஊர்களில் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிடா. அண்டை வீட்டாரின் தலைத்தீபாவளிச் சீரைப் பார்த்துப் பழகியதன் சாயல் இதில் உண்டென்றே நாம் கருதுகிறோம். மூத்த மகளின் தலைப்பெருநாளுக்கு வாங்கிய கடன் அடைவதற்குள் இளையவளின் நிக்காஹ் வந்துவிடும் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. கைக்கூலி வாங்கும் திருமணத்தில் கலந்துகொள்வதில்லை என்று உறுதிபூண்டோர் நம்மிடையே பெருகியிருப்பது பெரிய மாற்றம்தான். ஆனால் அந்த உறுதி நிக்காஹ் சபையோடு முடிந்துவிடுகிறது. பெருநாள் சீர் சில மாதங்கள் கழித்து, பேச்சின்றி, அன்பளிப்பு என்ற பெயரில் வருவதால் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. கேட்டால், நாங்கள் எதுவும் கேட்கவில்லையே என்பார்கள் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் கேட்கவில்லைதான், வேண்டாமென்று சொல்லவும் இல்லை.