நடுகற்களும் மாணவர் முகாமும் (கிருஷ்ணகிரி மாவட்டம்)

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த எல்லை மாவட்டம் கிருஷ்ணகிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் மண். ஓசூரில் சிப்காட் ஆலைகள் பெருகி, விளைநிலம் மனையாகும் இவ்வட்டாரத்தில் முதலில் இடம்பெயர்வது வரப்போர நடுகல்தான். ஆநிரை மீட்கப் பொருதும், புலியோடு போராடியும் மாண்ட வீரர்களின் நினைவுக்கற்கள் இவை; பலவற்றை ஊரார் வேடியப்பன் என்று பொங்கலிட்டு வணங்குகிறார்கள். இந்த வழிபாடே இவற்றுக்கு முதல் காவல் எனலாம்.

அடுத்த காவலாக மாணவர்கள் அமையலாம். 1997-இல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசுக் கல்லூரிகள் இங்கு உள்ளன. கல்லூரி மாணவர் ஊருக்குள் செல்ல வழிசெய்வது, 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். அதன் சிறப்பு முகாம் ஏழு நாள் ஒரே கிராமத்தில் நடக்கும். மரம் நடுவதோடு, நடுகல்லில் உள்ள கல்வெட்டைப் படியெடுக்கப் பழகவும் அந்த நாட்கள் போதும்: கல்லை நீர்விட்டுத் தூரிகையால் தேய்த்து, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் படியுமாறு தட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகத் தெளியும். கற்பூரக் கரி படிந்த கல்லை மட்டும் பூசாரியைக் கேட்காமல் தொடக்கூடாது. கல்லின் கதையும் அவரிடமே இருக்கும். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.