கலக்சிகளுக்கும் வயசு போகும் என்று சொன்ன பெண்

அப்துர் ரஹ்மான் அல்-ஸூஃபியைப் பற்றி நான் முன்பு எழுதிய பதிவு சிலருக்கு ஞாபகம் இருக்கும். கி.பி. 964 அளவில் அவர் எழுதிய நட்சத்திர நூலில் அந்திரொமீடாப் பக்கம் தெரியும் ஒரு 'சிறு மேகத்தை'க் குறித்து வைத்திருந்தார். அந்த மேகத்தைத்தான் இன்று அந்திரொமீடா கலக்சி என்கிறோம். நிறையப் பேர் மாஷா அல்லாஹ் போட்டீர்கள். "எல்லாமே நம்மவர்கள் அன்றே கண்டுபிடித்ததுதான்" என்று எழுதியவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால் அது அப்படியல்ல. அல்-ஸூஃபி கண்டார், நேர்மையாகப் பதிந்தார். அது ஒரு கலக்சி என்பது அவருக்குத் தெரியாது. 1920களில் எட்வின் ஹபிள் அதன் தூரத்தை அளக்கும் வரை வேறு எவருக்கும் அது உறுதியாகத் தெரியாது.

அந்தப் பதிவுக்கு வந்தவற்றில் ஒரு கேள்விதான் எனக்குப் பிடித்திருந்தது. "டீச்சர், அவர் பார்த்த மேகமும் இப்ப உள்ள மேகமும் ஒண்டுதானா? இவ்வளவு காலத்துக்குள்ள மாறியிருக்காதா?"

ஆயிரம் வருடத்தில் மாறாது. அந்திரொமீடாவின் ஒளி எங்களிடம் வர ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் எடுக்கிறது. அந்தக் கணக்கில் ஆயிரம் வருடம் ஒன்றுமேயில்லை. ஆனால் கலக்சிகள் மாறுமா, அவற்றுக்கும் வயசு போகுமா என்று கேட்டால் விடை வேறு. இந்தக் கேள்வியைச் சரியான கணக்காகப் போட்டுக் காட்டியவர் 25 வயதுப் பெண் ஒருவர். பெயர் பியட்ரிஸ் டின்ஸ்லி.

1941இல் இங்கிலாந்தில் பிறந்தவர். போர் முடிந்ததும் குடும்பம் நியூசிலாந்துக்குப் போனது. தகப்பன் கிறிஸ்தவ மதகுரு. பிற்காலத்தில் நியூ பிளைமவுத் நகரத்தின் மேயராகவும் இருந்தார். மகள் அங்கே பெண்கள் பாடசாலையில் படித்தார், வயலின் வாசித்தார், கிரைஸ்ட்சேர்ச்சிலுள்ள கன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முதுமாணி முடித்தார். 20 வயதில் கூடப் படித்த பிரையன் டின்ஸ்லியைத் திருமணம் செய்தார். 1963இல் கணவருக்கு அமெரிக்காவில் டலஸ் நகரத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. மனைவியும் கூடப் போனார்.

டலஸில் அவருக்கு ஏற்ற இடம் இருக்கவில்லை. ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தள்ளி ஒஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்து, வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையே ஓடினார். 1966 முடிவதற்குள் ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டார். அதே வருடம்தான் முதல் பிள்ளையைத் தத்தெடுத்தார்கள்.

அந்த ஆய்வேட்டில் என்ன இருந்தது என்பதை எங்கள் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். கரண்ட் வராத காலத்துக் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தலில் நாலைந்து பெற்றோமெக்ஸ் தொங்கும். குசினியிலும் வேலியோரத்திலும் குப்பி விளக்குகள் நிறைய எரியும். தூரத்தில் இருந்து பார்த்தால் தெரிவது பெற்றோமெக்ஸின் வெள்ளை வெளிச்சம் மட்டும்தான். ஆனால் பெற்றோமெக்ஸ் எண்ணெயைக் குடித்துத் தள்ளும். நடுச்சாமத்தில் அவை ஒவ்வொன்றாக அணைந்தால் மிஞ்சுவது குப்பி விளக்கின் மஞ்சள் வெளிச்சம். வீடு அதே வீடுதான், நிறமும் பிரகாசமும் வேறு.

நட்சத்திரங்களும் இப்படித்தான். சூரியனைப் போல் பத்து மடங்கு திணிவுள்ள நட்சத்திரம் ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாக நீல வெள்ளையில் எரிந்து, இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் முடிந்துவிடும். எங்கள் சூரியனின் ஆயுள் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள். சூரியனை விடச் சிறிய செந்நட்சத்திரங்கள் அதையும் விட நெடுங்காலம் எரியும். கலக்சியில் உள்ள ஐதரசன் வாயு முகில்கள் தம் ஈர்ப்பினாலேயே சுருங்கி நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருந்தால், பெற்றோமெக்ஸுக்குப் பதில் பெற்றோமெக்ஸ் ஏற்றிக்கொண்டே இருப்பது போல, கலக்சி நீலமாக இருக்கும். வாயு தீர்ந்து பிறப்பு நின்றுவிட்டால் வருடம் போகப் போகச் சிவந்து மங்கும்.

இதை வாயால் சொல்வது சுகம். டின்ஸ்லி இதைக் கணக்காகச் செய்தார். எத்தனை பெரிய நட்சத்திரங்கள், எத்தனை சிறியவை, எது எப்போது இறக்கும், இறக்கும்போது எவ்வளவு வாயுவைத் திருப்பிக் கொடுக்கும், அதிலிருந்து அடுத்த தலைமுறை எப்படிப் பிறக்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்து, அந்தக் காலத்துக் கணனியில் ஒரு முழுக் கலக்சியையே படிப்படியாக வளர்த்துப் பார்த்தார். குழந்தைப் பருவத்தில் எந்த நிறம், நடு வயதில் எவ்வளவு வெளிச்சம் என்ற விபரம் வந்தது.

இதில் பெரியவர்களுக்குக் கோபம் வர என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருந்தது.

ஹபிள் 1953இல் இறந்த பிறகு அவருடைய வேலையைத் தொடர்ந்தவர் அலன் சண்டேஜ். உலகத்தின் மிகப் பெரிய தொலைகாட்டியான பாலமாரின் 200 அங்குலத் தொலைகாட்டி அவர் கையில். பிரபஞ்சம் விரிகிறது, அந்த விரிவு மெதுவாகி ஒரு நாள் திரும்பச் சுருங்குமா, அல்லது முடிவில்லாமல் விரியுமா என்பதைக் கண்டுபிடிப்பதே அவருடைய இலட்சியம். அதற்கு அவர் பயன்படுத்திய அளவுகோல் பெரிய நீள்வட்டக் கலக்சிகள். அவை எல்லாம் ஒரே பிரகாசம் என்று எடுத்துக்கொண்டால், மங்கலாகத் தெரிவது தூரம், வெளிச்சமாகத் தெரிவது கிட்ட. இரவில் வீதியில் வரும் மோட்டார் சைக்கிளின் லைட்டை வைத்து நாங்கள் தூரத்தை மட்டுக்கட்டுவது போல.

தூரத்துக் கலக்சியைப் பார்ப்பது என்றால் அதன் பழைய காலத்தைப் பார்ப்பது. டின்ஸ்லியின் கணக்குப்படி அது அப்போது இளமையாக, இன்றையதை விட வெளிச்சமாக இருந்திருக்கும். அப்படியென்றால் அது தெரிவதை விட உண்மையில் இன்னும் தூரத்தில் இருக்கிறது. அளவுகோலே காலத்துக்குக் காலம் நீளம் மாறுகிறது! சண்டேஜ் மாற்றத்தைச் சிறியதென்று கருதினார். இந்த 'சிறியது' பிரபஞ்சத்தின் முடிவையே மாற்றப் போதுமானது என்றார் டின்ஸ்லி. ஒரு பக்கம் உலகப் பெயர் பெற்ற வானியலாளர். மறு பக்கம் நிரந்தர வேலை இல்லாத, இரண்டு பிள்ளைகளை (இரண்டாவது பிள்ளையை 1968இல் தத்தெடுத்தார்கள்) வளர்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். வருடங்கள் எடுத்தன, ஆனால் துறை அவர் பக்கம் வந்தது. பெரிய கலக்சிகள் பக்கத்துச் சிறியவற்றை விழுங்கிப் பருப்பதும் இடையில் தெரியவர, அந்த அளவுகோல் மேலும் ஆட்டம் கண்டது.

1974இல் இன்னும் மூவருடன் சேர்ந்து, பிரபஞ்சம் திரும்பச் சுருங்காது என்பதற்கான சான்றுகளை ஒன்றாகத் திரட்டி எழுதினார். அடுத்த வருடம் ஜேம்ஸ் கன்னுடன் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போய், விரிவின் வேகம் கூடிக்கொண்டு போகவும் இடமுண்டு என்றது. அப்போதைய தரவுகள் அதைத் தாங்கப் போதவில்லை; வேறு வழியில், சுப்பர்நோவாக்களை வைத்து, 1998இல்தான் அது உறுதியானது. அதற்கு 2011இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இவ்வளவையும் தரம் 11 பிள்ளைகளுக்குச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். அடுத்த நாள் ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், அவட பிள்ளைகள் என்னாகின?" என்று கேட்டாள். வீட்டில் வாப்பாவின் போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். நான் வேண்டுமென்றே விட்ட இடத்தைப் பிடித்துவிட்டாள்.

அதனால் இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். 1974இல் திருமணம் முறிந்தது. அடுத்த வருடம் டின்ஸ்லி யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிள்ளைகள் தகப்பனுடன் இருந்தார்கள். சிலருக்கு இது அவர் மேல் குறையாகப் படும். நானும் ஒரு உம்மா, எனக்கும் அந்த இடத்தில் நெஞ்சு இடறுகிறது. ஆனால் பதினொரு வருடம் குடும்பத்துக்காக டலஸில் இருந்து பார்த்தவர் அவர். அந்தப் பதினொரு வருடத்தில் அவருடைய தகுதிக்கேற்ற நாற்காலி ஒன்றை அந்த ஊர் போட்டிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசிக்கிறேன். கணவன் வேலை மாறினால் மனைவி கூடப் போவதை நாங்கள் யாரும் கேள்வி கேட்பதில்லை. மனைவிக்காகக் கணவன் ஊர் மாறியதை எங்கள் பகுதியில் எத்தனை வீட்டில் கண்டிருக்கிறீர்கள்? அந்தப் பிள்ளைக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "தகப்பனோட இருந்தாங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

யேலில் அவர் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 1978இல் ரிச்சர்ட் லார்சனுடன் செய்த வேலை. ஹோல்டன் ஆர்ப் என்பவர் 1966இல் 338 கோணல்மாணலான கலக்சிகளின் படத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டிருந்தார்: வால் முளைத்தவை, ஒன்றையொன்று இழுப்பவை. இவர்கள் இருவரும் அவற்றின் நிறங்களைச் சாதாரண கலக்சிகளின் நிறங்களோடு ஒப்பிட்டார்கள். சாதாரணமானவை ஒழுங்காக ஒரு கோட்டில் விழுந்தன, கோணலானவை சிதறின. கலக்சிகள் நெருங்கி மோதும்போது வாயு நெரிபட்டு, குறுகிய காலத்தில் நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கின்றன என்பதே காரணம் என்று காட்டினார்கள். நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டுவதில்லை. இடைவெளி அவ்வளவு பெரிது. முட்டுவது வாயு. மோதல் நடந்த இடத்தில் புதிய பெற்றோமெக்ஸ்கள் எரியத் தொடங்குகின்றன.

அதே 1978இல் யேலில் வானியல் பேராசிரியரானார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அதே வருடம்தான் தோல் புற்றுநோய் என்றும் தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் வேலையை விடவில்லை. நோய் மூளைக்குப் போய் வலது கை விழுந்தபோது இடது கையால் எழுதப் பழகினார். சூரியனின் சுற்றுப்புறத்தில் மூலகங்கள் எப்படிப் பெருகின என்ற கடைசிக் கட்டுரையை இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அனுப்பிவைத்தார். 1981 மார்ச் 23. வயது 40. பதினான்கு வருடத்தில் ஏறத்தாழ 100 கட்டுரைகள். மகள் எழுதிய கடிதங்களை வைத்துத் தகப்பன் பின்னர் ஒரு புத்தகம் வெளியிட்டார். நியூசிலாந்தின் தெற்கே, கெப்ளர் மலைத்தொடரில் ஒரு சிகரத்துக்கு 2010இல் அவருடைய பெயர் வைத்தார்கள்.

இன்று ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி ஒரு கலக்சியைப் படம் பிடித்து, 'இதன் வயது இவ்வளவு, வருடத்துக்கு இத்தனை சூரியன் அளவுக்கு நட்சத்திரம் பிறக்கிறது' என்று செய்தி வருகிறதே, அந்த வாசிப்பு முறையின் வேர் அந்த 1966 ஆய்வேட்டில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்ட சகோதரருக்கு: டிசம்பரில் மாரி மழை விட்டு வானம் தெளிந்த ஒரு நாளில், இஷா முடிந்த கையோடு லைட் இல்லாத இடத்துக்குப் போய் வடக்குப் பக்கம் பாருங்கள். அரைவாசி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, புகை படிந்தாற்போல் ஒரு மங்கல் திட்டுத் தெரியும். அல்-ஸூஃபி கண்ட மேகம் அதுதான். வெறுங்கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்திரொமீடாவின் நடுப்பகுதி. அங்கே இருப்பவை வயசு போன நட்சத்திரங்கள், குப்பி விளக்குகள். பெற்றோமெக்ஸ்கள் எரிகிற ஓரங்களைப் பார்க்கத் தொலைகாட்டி வேண்டும்.