விரல் நுனியில் ஒரு பிடிமானம்: தியானத்தில் முத்திரைகள்

கோயிலில் தட்சிணாமூர்த்தியின் வலது கையைக் கவனித்திருப்பீர்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் தொட்டு வளையமாக நிற்க, மற்ற மூன்று விரல்களும் விலகி நீண்டிருக்கும். அதுதான் சின்முத்திரை. பெருவிரல் பதி, சுட்டுவிரல் பசு, விலகிநிற்கும் மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்று சைவசித்தாந்தம் பொருள் சொல்லும். சைவசமய வகுப்பில் பலரும் படித்ததுதான்.

இப்போது அதே முத்திரை யூரியூப் வழியாக வேறு வேடத்தில் வருகிறது. இந்த விரலைத் தொட்டால் சலரோகம் போகும், அந்த விரலை மடித்தால் பிரசர் இறங்கும் என்கிறார்கள். குளிசையை விட்டுவிட்டு முத்திரை பிடிக்கலாமா என்று எழுவைதீவில் என்னிடம் கேட்டார்கள். கூடாது. கடலைக் கடந்துதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஊரில் அந்தப் பரிசோதனை ஆபத்தானது. பழைய யோக நூல்களிலும் இதற்கு ஆதாரம் தேடமுடியாது. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை 10 முத்திரைகளைச் சொல்கிறது. அவை உடல், மூச்சு, நாக்கு ஆகியவற்றைக் கொண்டு செய்பவை. விரல் நுனிகளைத் தொடும் முத்திரை அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் முத்திரையால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது சிறியது. கனடாவில் மூளை அறுவைச் சிகிச்சை செய்த வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில், உடலின் எந்தப் பகுதியை மூளையின் எந்த இடம் உணர்கிறது என்று வரைந்து காட்டினார். அதில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடத்தைவிடக் கைக்குக் கிடைத்த இடம் மிகப் பெரியது. விரல் நுனியின் மெல்லிய தொடுகைகூட மனதுக்குத் தெளிவாகக் கேட்கும். அலைகிற மனம் திரும்பிவர அது ஓர் இடம் தருகிறது.

போரைக் கடந்தவர்களுக்கு இது முக்கியம். கண்ணை மூடி அமைதியாக இருங்கள் என்று சொல்வது சுலபம். கண்ணை மூடியதும் பதுங்குகுழியும் ஷெல் சத்தமும் வருகிறவர்கள் எங்களிடையே நிறையப் பேர். தீவகத்தில் கடலும் படகுமே நினைவைக் கிளறும். 1985 மே 15 குமுதினிப் படகுப் படுகொலையை நெடுந்தீவு இன்றும் நினைவுகூருகிறது. அப்படியானவர்கள் கண்ணை மூடவேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து, பாயிலோ கதிரையிலோ இருந்து, சில அடி தள்ளி நிலத்தைப் பாருங்கள். கையை முழங்காலில் வைத்து விரல்களைத் தொடுங்கள். நகம் வெளுக்கும்வரை அழுத்தவேண்டாம். தொடுகை தெரிந்தால் போதும். மூச்சை அடக்கவும் வேண்டாம். சிறிது நேரத்தில் விரல்கள் தாமாகப் பிரிந்திருப்பதைக் காண்பீர்கள். மனம் எங்கோ போயிருந்தது என்பதற்கு அது அடையாளம். மீண்டும் தொடுங்கள். பயிற்சி என்பதே இதுதான். முதலில் ஐந்து நிமிடம் போதும். பழைய காட்சி வந்து நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்தி, எழும்பி நடந்து, யாருடனாவது கதையுங்கள்.

ஒரு கையை இழந்தவருக்கும் சின்முத்திரை முடியும். விரல்களை இழந்தவர் உள்ளங்கையைத் தொடையில் வைத்து அந்தத் தொடுகையைக் கவனிக்கலாம். விரலின் வடிவத்தைவிடத் தொடுகையைக் கவனிப்பதே பெரிது என்பது என் கருத்து.

இரு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது தியான முத்திரை. அநுராதபுரத்துச் சமாதிச் சிலையின் கைகள் அப்படித்தான் இருக்கின்றன. புத்தர் சிலை என்றதும் எங்களுக்கு வேறு பல ஞாபகங்கள் வரும். அந்தக் கைவைப்பு இன்றைய அரசியலுக்கு மிகவும் முந்தியது.

எழுவைதீவில் முருகன் கோயிலும் இருக்கிறது, கத்தோலிக்கத் தேவாலயமும் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு முத்திரை அந்நியமாகத் தோன்றலாம். அவர்களின் விரல்களுக்குச் செபமாலை இருக்கிறதே! மணி மணியாக விரல் நகர, அதே செபம் திரும்பத் திரும்ப வருகிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப் பயன்படுத்தினார். சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மரபிலுள்ள சொல்லையும் செபத்தையும் கொண்டே உளத்தளர்வுப் பயிற்சி கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். ஆறு வயதிலிருந்து நாவில் உள்ள ஒன்றை, பயத்தின் நடுவே புதிதாகக் கற்கவேண்டியதில்லை.

நித்திரை வராமல் வாரக்கணக்கில் போவது, சாகலாம் என்ற எண்ணம், காணாமலாக்கப்பட்டவரின் குரல் கேட்பது போன்றவற்றுக்கு முத்திரையோ செபமாலையோ மட்டும் போதாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. இரவில் பயணிகள் படகு இல்லை என்பதால், நிலைமை முற்றும்வரை காத்திராமல் பகலிலேயே ஒருவரிடம் சொல்லிவைப்பது நல்லது. தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.