ரயில்களை எண்ணுவதா, பாதைகளை எண்ணுவதா?

சென்னை எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் ரயில் 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அது முதல், ரயில்வேக்கு அதிகம் செய்தது எந்த ஆட்சி என்ற கேள்வி நாஞ்சில் நாட்டில் மீண்டும் எழுந்திருக்கிறது. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் என்னிடமும் சிலர் கேட்டனர். கேள்வி எளிது, அளவுகோல்தான் சிக்கல்.

எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்கு 1876-லும், திருவனந்தபுரத்துக்கு 1918-லும் ரயில் வந்துவிட்டது. இடையில் இருந்த நாகர்கோவில், 1956-இல் தமிழகத்துடன் இணைந்த பிறகும் காத்திருந்தது. திருவனந்தபுரம் - கன்னியாகுமரி பாதைக்கு 1972-இல் அடிக்கல் நாட்டியவர் இந்திரா காந்தி. 1979 ஏப்ரலில் அது திறக்கப்பட்டபோது பிரதமர் மொரார்ஜி தேசாய். நாகர்கோவில் - திருநெல்வேலி பாதை 1981-இல் பயன்பாட்டுக்கு வந்தபோது மீண்டும் இந்திரா காந்தி. இதை எந்த ஆட்சியின் கணக்கில் எழுதுவது?

ஒவ்வோர் ஆட்சியும் தன் பெயர் சொல்ல ஒரு ரயிலை விட்டுச் செல்கிறது. 1969-இல் ராஜதானி; ஜனதா ஆட்சியில் 1977-இல் வகுப்பு வேறுபாடற்ற கீதாஞ்சலி; 1988-இல் சதாப்தி; 2006-இல் ஏழைகளுக்கான குளிர்சாதன ரயிலாக கரீப் ரத்; 2019-இல் வந்தே பாரத். யாரை மனத்தில் வைத்து அந்த ஆட்சி திட்டமிட்டது என்பதை இவை காட்டுகின்றன. எவ்வளவு முதலீடு செய்தது என்பதைக் காட்டுவதில்லை.

அறிவிப்புகளும் அப்படியே. முந்தைய பத்தாண்டுகளில் ரூ.60,000 கோடி மதிப்பில் அனுமதிக்கப்பட்ட 99 புதிய பாதைத் திட்டங்களில் ஒன்று மட்டுமே முடிந்திருப்பதாக 2014-இல் ரயில்வே அமைச்சர் சதானந்த கௌடா நாடாளுமன்றத்தில் கூறினார். மூன்று ஆண்டுகளில் 400 வந்தே பாரத் ரயில்கள் என்று 2022-இல் அவர் சார்ந்த ஆட்சியே அறிவித்தது. 2025 மார்ச்சில் சேவைகளின் எண்ணிக்கை 150-ஐக்கூட எட்டவில்லை.

முதலீட்டுத் தொகையில் வேறுபாடு தெளிவானது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் ரயில்வேக்கு ரூ.2.40 லட்சம் கோடி மூலதன ஒதுக்கீடு செய்யப்பட்டது. இது 2013-14 ஒதுக்கீட்டைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்றார் நிதியமைச்சர். இந்த உயர்வை மறுப்பதற்கில்லை. ஆனால், இடைப்பட்ட பத்தாண்டுப் பணவீக்கத்தைக் கழிக்க வேண்டும். முன்பு ரயில்வே முதலீட்டில் பெரும்பங்கு வெளிக்கடனாக வந்தது. பின்னர் அது பெரும்பாலும் அரசின் நேரடி ஒதுக்கீடாக மாறியது. கடனையும் சேர்த்து ஒப்பிட்டால் ஒன்பது மடங்கு என்பது கணிசமாகக் குறையும். அப்போதும் உயர்வு உயர்வே.

அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதே அடுத்த கேள்வி. வந்தே பாரத் சுமார் 9 மணி நேரத்தில் நாகர்கோவில் வந்து சேர்வதற்கு இரட்டைப் பாதை முக்கியக் காரணம். அதில் விழுப்புரம் - திண்டுக்கல் பகுதி முந்தைய ஆட்சியில் தொடங்கி இந்த ஆட்சியில் முடிந்தது. மதுரை - நாகர்கோவில் பகுதி இந்த ஆட்சியிலேயே தொடங்கி 2024-இல் நிறைவுற்றது. ஆனால், மாணவர்களும் தொழிலாளர்களும் அன்றாடம் செல்லும் திருவனந்தபுரம் பாதையில் இரட்டைப் பாதைப் பணி அப்போதும் முடியவில்லை. ஒற்றைப் பாதையில் எதிர்வரும் ரயிலுக்கு வழிவிட்டு நிற்கும் பயணிக்கு, தேசிய ஒதுக்கீட்டின் பெருக்கம் ஆறுதல் தராது.

வந்தே பாரத் முழுவதும் குளிர்சாதன இருக்கைகள் கொண்டது. முன்பதிவில்லாப் பெட்டிகளே கொண்ட தாம்பரம் - நாகர்கோவில் அந்த்யோதயா ரயிலும் இதே ஆட்சியின் கொடைதான். அதைப்போல் இன்னும் எத்தனை என்று கேட்பதே நியாயம்.

எனவே, ஆட்சிகளை ஒப்பிட மூன்று கணக்குகள் போதும்: பணவீக்கம் நீக்கிய மொத்த மூலதனம், அறிவித்ததில் முடித்த பாதையின் நீளம், சாதாரணப் பயணிக்குக் கூடுதலாகக் கிடைத்த இடங்கள். தொடக்க விழாக்களில் கொடியசைப்போரிடம் மக்கள் இவற்றைக் கேட்கத் தொடங்க வேண்டும். கொடியசைக்க ஒரு நிமிடம் போதும். பாதை போட ஒரு தலைமுறை ஆகிறது.