தோட்டப் பள்ளியும் பிள்ளைகள் நலமும்

பேராக் மாநிலத்தின் மேற்கே, மஞ்சோங் மாவட்டத்தில் அமைந்த ஊர் சித்தியவான். சேற்றில் சிக்கிய யானையைப் பிரியாது உடன் நின்ற மற்றோர் யானையின் கதையைச் சொல்லி, 'உற்ற தோழன்' எனப் பொருள்படும் 'செத்தியா காவான்' என்ற மலாய்த் தொடரே ஊர்ப்பெயராயிற்று என்பர். பெயர்க்காரணம் எவ்வாறாயினும், இடருற்றவனை விட்டகலாமை என்னும் அக்கருத்து பள்ளிக்கூடத்துக்கும் பொருந்துவதேயாம்.

1903-ஆம் ஆண்டில் மெத்தடிஸ்டு சபையாரின் முயற்சியால் பூச்சௌச் சீனர் இங்குக் குடியேறினர். பின்னர் ரப்பர் பெருகிற்று. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கு வழிகோலியது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்பது விதி.

சட்டம் தலைகளை எண்ணியது, வயிற்றை எண்ணவில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய், மரம் வெட்டிப் பாலெடுத்து லயத்துக்குத் திரும்ப உச்சிப்பொழுதாகிவிடும். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். மூத்த பிள்ளையோ பழஞ்சோறு உண்டும் உண்ணாமலும் பள்ளிக்குப் போகவேண்டும். சில நாள் தம்பி தங்கையரைக் காக்க வீட்டிலேயே தங்கவேண்டும். கிராணியோ கங்காணியோ ஆசிரியராய் அமர்ந்த பள்ளிகளும் உண்டு. இந்நிலையில், வராத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுதல் எளிது, முறையாகாது.

பசிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பைச் சென்னை மாநகராட்சி முன்னரே உணர்ந்திருந்தது. பிட்டி தியாகராயர் அதன் தலைவராயிருந்த 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்க்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் இயற்றப்பட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில், எட்டயபுரத்தில் தொடக்கங்கண்டு, மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவிற்று. கல்வித்துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு ஊராரின் ஒத்துழைப்பைத் திரட்டி அதற்குத் துணைநின்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது.

மலேசியப் பள்ளிகளில் ஏழை மாணவர்க்கான துணையுணவுத் திட்டம் வந்தது 1979-இல். சட்டம் பள்ளியைத் தந்ததற்கும் அரசு அப்பள்ளியில் உணவைத் தந்ததற்கும் இடையே 56 ஆண்டுகள்! அவ்விடைக்காலத்தில் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளின் கதையை எழுதுவோர், அறிவுக் குறையைத் தேடுமுன் பசியையும் பொறுப்புச் சுமையையும் கணக்கிடல் வேண்டும்.

இன்று ரப்பர் நின்ற நிலம் பலவற்றில் செம்பனை நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட, குடும்பங்கள் பல பட்டணம் புகுந்தன. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, உண்ணாமலும் உறங்காமலும் மனச்சுமையோடும் வகுப்புக்கு வரும் பிள்ளை இன்றும் உண்டு. வருகைப் பதிவேட்டில் குறியிடும் ஆசிரியர், 'ஏன் வரவில்லை?' என்று அதட்டுமுன் 'சாப்பிட்டாயா?' என்று கேட்பாராயின், அப்பிள்ளைக்கு அவரே உற்ற தோழர்.