மறதிநோயா, மனச்சோர்வா? பெற்றோரைக் கவனிப்போர் அறிய வேண்டியவை

"வயசாயிடுச்சு, வாப்பாவுக்கு மறதி வந்துருச்சு" என்று சொல்லி அத்தோடு விட்டுவிடும் வீடுகள் நம்மில் அதிகம். முதுமையில் வரும் மனச்சோர்வும், அதாவது டிப்ரஷனும், டிமென்ஷியா எனும் மறதிநோய் போலவே தோற்றம் காட்டும். 1961இல் கிலோ என்ற மனநல மருத்துவர் 'போலி மறதிநோய்' என்ற தலைப்பில் இதைப் பற்றி எழுதினார். மனச்சோர்வு பெரும்பாலும் சிகிச்சையில் குணமாகக் கூடியது. அதை மறதிநோய் என்று நினைத்து மூலையில் உட்கார வைத்துவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும்.

எப்போது தொடங்கியது என்று முதலில் யோசியுங்கள். மனச்சோர்வு என்றால் வீட்டாரால் ஓரளவு காலம் சொல்ல முடியும்: "உம்மா மவ்த்தான பிறகு", "மகன் வெளிநாடு போன பிறகு" என்பார்கள். மறதிநோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். மனச்சோர்வுள்ளவர் "எதுவும் ஞாபகத்தில் நிற்கல" என்று தானே புலம்புவார். எதைக் கேட்டாலும் "தெரியாது" என்பார். மறதிநோய் உள்ளவர் குறையை ஒப்புக்கொள்ளாமல் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்.

தொழுகையிலும் இது தெரியும். மனச்சோர்வுள்ளவருக்கு லுஹர் நேரம் ஆனது தெரியும். எழுந்து உளூ செய்யத்தான் மனம் வராது. மறதிநோய் உள்ளவர் தொழுத சற்று நேரத்தில் மறுபடி தொழ நிற்பார், பழகிய பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் திகைப்பார். முன்னவரை "ஈமான் குறைஞ்சுபோச்சு" என்று ஏசுவது அநியாயம், அது நோய். பின்னவர் சுயஅறிவை முற்றிலும் இழந்துவிட்டால் அவர் மீது தொழுகை கடமையே இல்லை, வற்புறுத்தாதீர்கள்.

இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. எனவே வீட்டில் பார்த்தது டாக்டரிடம் சொல்வதற்குத்தான், தீர்ப்பு எழுத அல்ல. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, சில தூக்க மாத்திரைகள்கூட மறதியைத் தரும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். காது கேளாமையையும் சோதிக்கச் சொல்லுங்கள், பதில் சொல்லாதவருக்குக் கேள்வியே கேட்டிருக்காது.

ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அது வேறு. கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். "போய்ச் சேர்ந்தா தேவலை" என்று அடிக்கடி சொன்னால் பெரியவர் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அரசின் டெலி மனாஸ் எண் 14416இல் இலவசமாகப் பேசலாம்.