காரியவட்டத்தில் 317 ரன் வெற்றி: சாதனையும் களமிறங்காத ஒரு வீரரும்

திருவனந்தபுரம்: தமிழ் வணிகர்கள் நிறைந்த சாலைக் கடைத்தெருவுக்கு வடக்கே, நகரின் எல்லையில் அமைந்துள்ளது காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானம். ஒருநாள் கிரிக்கெட் வரலாற்றின் மிகவும் ஒருதலைப்பட்சமான ஆட்டங்களில் ஒன்று 2023 ஜனவரி 15-ஆம் தேதி இங்கு நடைபெற்றது. இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது.

இலங்கைக்கு எதிரான தொடரின் மூன்றாவது, கடைசி ஆட்டம் அது. முதல் இரு ஆட்டங்களிலும் வென்று தொடரை ஏற்கெனவே கைப்பற்றியிருந்த இந்தியா, டாஸ் வென்று முதலில் பேட் செய்து 5 விக்கெட் இழப்புக்கு 390 ரன் குவித்தது. விராட் கோலி 110 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 166 ரன்னும், சுப்மன் கில் 97 பந்துகளில் 116 ரன்னும் சேர்த்தனர்.

தொடர்ந்து ஆடிய இலங்கை 22 ஓவர்களில் 73 ரன்னுக்குச் சுருண்டது. நுவனிது பெர்னாண்டோ (19), கசுன் ராஜித (13), கேப்டன் தசுன் ஷானக (11) ஆகிய மூவர் மட்டுமே இரட்டை இலக்கத்தைத் தொட்டனர். முகமது சிராஜ் 10 ஓவர்களையும் வீசி, 32 ரன் கொடுத்து 4 விக்கெட் வீழ்த்தினார்.

இதற்கு முன், 2008-இல் அபர்தீனில் அயர்லாந்தை 290 ரன் வித்தியாசத்தில் நியூசிலாந்து வென்றதே சாதனையாக இருந்தது. ஒருநாள் ஆட்டத்தில் 300 ரன்னுக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஓர் அணி வென்றது காரியவட்டத்தில்தான் முதல் முறை.

எனினும், இலங்கை இழந்தவை 9 விக்கெட்டுகளே. கோலி அடித்த பந்தை எல்லைக்கோட்டருகே தடுக்க ஓடியபோது அஷேன் பண்டாரவும் ஜெஃப்ரி வாண்டர்சேயும் மோதி விழுந்தனர். இருவரும் ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லப்பட்டனர். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளாகும் வீரருக்கு மாற்றாக மற்றொருவர் பேட் செய்ய விதி அனுமதிப்பதால், வாண்டர்சேக்குப் பதிலாக துனித் வெல்லாலகே ஆடினார். பண்டாரவுக்கு மாற்று வீரர் இல்லை. அவர் பேட் செய்ய வரவில்லை.

பெருந்தோல்விகளில் இத்தகைய குறைவு புதிதன்று. டெஸ்ட் வரலாற்றின் மிகப்பெரிய இன்னிங்ஸ் வெற்றி 1938-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் பதிவானது. ஆஸ்திரேலியாவை இங்கிலாந்து இன்னிங்ஸ், 579 ரன் வித்தியாசத்தில் வென்றது. காயமடைந்த டான் பிராட்மேனும் ஜாக் ஃபிங்கிள்டனும் அந்த ஆட்டத்தில் பேட் செய்யவே இல்லை. காரியவட்டச் சாதனை 2025 செப்டம்பர் 7-இல் சௌதாம்ப்டனில் முறியடிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவை 72 ரன்னுக்குச் சுருட்டி, 342 ரன் வித்தியாசத்தில் இங்கிலாந்து வென்ற அந்த ஆட்டத்திலும், காயம் காரணமாக கேப்டன் டெம்பா பவுமா பேட் செய்யவில்லை. வெற்றி வித்தியாசத்தைக் கூறும் பட்டியல்களில் இந்த விவரங்கள் இடம்பெறுவதில்லை.

காரியவட்டத்தில் சாதனையை நேரில் கண்டவர்களும் குறைவே. டிக்கெட்டுகளுக்கான கேளிக்கை வரி உயர்வு போட்டிக்கு முன்பே சர்ச்சையான நிலையில், இருக்கைகளில் பெரும்பகுதி காலியாக இருந்தது. ஒருதலைப்பட்சமான ஆட்டம் இந்த மைதானத்துக்குப் புதிதல்ல: 2018 நவம்பர் 1-இல் இங்கு நடந்த முதல் ஒருநாள் ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகள் 104 ரன்னில் சுருண்டது, இந்தியா 15 ஓவர்களுக்குள் இலக்கை எட்டியது.